மறக்கத் தெரிந்த பெட்டி வேண்டும்!



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, 'கணிப்பொறியும் மனித குலமும்' என்று தலைப்புப் போட்டு நான்கு பக்கம் எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி எழுதுவது சுலபம். ஆனால் நம் கல்லூரி வாசலில் இந்த ஆண்டு ஒரு பெட்டி வைக்கப் போகிறார்கள். கண்ணெதிரே நிற்கும் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு மனித குலத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். முன்னாள் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து, தொடுதிரை வைத்த கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை வாங்கித் தந்திருக்கிறார்கள். கியோஸ்க் என்று பெயர். இப்போது அது ஆபீஸ் ரூமில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் நிற்கிறது. மாணவர் சேர்க்கை விவரம், தேர்வு முடிவு, உதவித்தொகை அறிவிப்பு, பஸ் நேரம் எல்லாம் அதில் வரும். இன்டர்நெட்டும் உண்டு. வெளியூரிலிருந்து வரும் பெற்றோர் அரசு இணையதளங்களில் விண்ணப்பம் போடலாம். பக்கத்தில் உள்ள பிரிண்டரில் அச்செடுத்துக் கொள்ளலாம். நல்ல காரியம்தான்!

ஆனால் அதற்குள் எந்த சாப்ட்வேரைப் போடுவது என்பதில் நமக்குள் மூன்று கட்சி. 'கியோஸ்க்குக்கென்றே கம்பெனிகள் விற்கும் சாப்ட்வேரை வருடச் சந்தா கட்டி வாங்குவோம், பார்க்க ஜோராக இருக்கும்' என்பது ஒரு கட்சி. 'எல்லோருக்கும் தெரிந்த விண்டோஸே போதும்' என்பது இன்னொரு கட்சி. 'சும்மா கிடைக்கிற லினக்ஸைப் போடுவோம்' என்பது மூன்றாவது கட்சி. பேரவைப் பொதுக்குழுவில் இதற்கு முடிவு கட்டப் போகிறோம்.

நான் மூன்றாவது கட்சி. ஆனால் சும்மா கிடைக்கிறது என்பதற்காக அல்ல. என் காரணம் வேறு. அதைச் சொல்வதற்கு என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

அடுத்தவர் நம்பர்

என் அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஒரு விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று கேட்பதற்கு வீட்டில் ஆள் கிடையாது.

முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது, உதவித்தொகைக்காக ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். அம்மாவும் நானும் பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். ஒரே கூட்டம். அங்கே இருந்த அக்கா கடகடவென்று டைப் அடித்தார். செல் நம்பர் கட்டத்தில் கையை வைத்ததுமே ஒரு நம்பர் தானாக வந்து விழுந்தது. அது எங்கள் நம்பர் அல்ல. எங்களுக்கு முன்னால் வந்துவிட்டுப் போன யாரோ ஒருவருடையது. அக்கா கவனிக்கவில்லை, பின்னால் பத்துப் பேர் நின்று கொண்டிருந்தார்கள். நானும் கவனிக்கவில்லை, அன்றைக்குத் திரையைப் பார்த்து வாய் பிளந்து நின்றவள் நான். அச்செடுத்த தாளை அம்மா நான்காக மடித்து இடுப்பில் செருகிக் கொண்டார்.

அதற்கப்புறம் தினம் சாயங்காலம் பீடித்தட்டை மடியில் இருந்து இறக்கி வைத்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "ஏட்டி, மெசேஜ் வந்துட்டான்னு பாரு."

மெசேஜ் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து விசாரித்தால், "அதெல்லாம் எப்பவோ அனுப்பியாச்சே!" என்றார்கள். வருமானச் சான்று நகல் தெளிவாக இல்லை, திரும்ப அனுப்புங்கள் என்று குறிப்பிட்ட தேதிக்குள் கேட்டிருக்கிறார்கள். அந்த மெசேஜ் யாரோ ஒருவர் செல்லுக்குப் போயிருக்கிறது. அவர் பாவம், 'நமக்கு எதற்கு இது வருகிறது' என்று அழித்திருப்பார். தேதி முடிந்துவிட்டது. அந்த வருடத்து உதவித்தொகை போயிற்று. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. பதினோரு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது.

விவரத்தை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அம்மா சொன்னார்: "அந்தப் பொட்டி ஊர்ல உள்ளவங்க எல்லாரையும் ஞாபகம் வச்சிருக்கு. நம்மளை மட்டுந்தான் மறந்துட்டு."

கதை இதோடு முடியவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு பிரிண்ட் எடுக்க அதே சென்டருக்குப் போனேன். அதற்குள் நான் நம் லேபில் ஒரு வருடம் பழகியவள் அல்லவா? பைலைத் தேடும்போது டவுன்லோட்ஸ் போல்டர் திறந்தது. எத்தனை ஆதார் அட்டைகள்! எத்தனை வங்கிப் பாஸ் புத்தகங்கள்! சாதிச் சான்று, மாற்றுச் சான்று, குழந்தைகளின் போட்டோ... முந்தைய வருடத்து என் அம்மாவின் பாஸ் புத்தகமும் அதில் பத்திரமாக இருந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போயிருக்கலாம்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "யம்மா, இதை யாரு பார்க்கப் போறான்னு இருந்துட்டேன்" என்றார். இருவரும் உட்கார்ந்து அழித்தோம். எல்லாம் முடிந்தது என்று எழுந்த பிறகுதான் ரீசைக்கிள் பின் ஞாபகம் வந்தது. திறந்தால், அத்தனையும் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கின்றன!

அந்த அக்கா கெட்டவர் அல்ல. காலை முதல் இரவு வரை ஊர் மக்களுக்கு உழைப்பவர். தப்பு எங்கே என்றால், ஒருவர் மட்டும் வீட்டில் வைத்துப் பயன்படுத்த வேண்டிய கம்ப்யூட்டரை ஊரே வந்து போகிற இடத்தில் வைத்ததில்தான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் ஒரு வசதி. ஊர்க் கம்ப்யூட்டருக்கு அதுவே ஆபத்து. ஆகவே என் கட்சி இதுதான்: வாசலில் வைக்கும் பெட்டிக்கு சாப்ட்வேர் தேர்ந்தெடுக்கும்போது 'அது என்னென்ன செய்யும்?' என்று கேட்பதற்கு முன்னால், 'அது எவ்வளவு நன்றாக மறக்கும்?' என்று கேளுங்கள்.

மறதியின் தொழில்நுட்பம்

மறப்பது என்றால் பிரவுசரில் ஹிஸ்டரியை அழிப்பது மட்டும் என்று நினைக்கிறோம். இல்லை. ஒருவர் பெட்டி முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போனால், அவருடைய தடயம் பல இடங்களில் தங்குகிறது. கட்டங்களில் அடித்த விவரம் தானாக நிரப்பும் நினைவில் தங்குகிறது. குக்கீ தங்குவதால் அவர் லாக்-அவுட் செய்யாமல் போனால் அடுத்தவர் அவருடைய கணக்குக்குள் நுழைந்துவிடலாம். இறக்கிய பைல் டிஸ்கில் தங்குகிறது. பிரிண்டரைப் பெரும்பாலோர் மறந்தே போகிறோம். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற அமைப்பு, தானாக விட்டால் அச்சிட்ட பைலின் நகலை ஒரு நாள் வரை வைத்திருக்கும். அதை நிறுத்த அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரியைப் போட வேண்டும் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே!

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நல்ல வழி இருக்கிறது. டிஸ்கை 'படிக்க மட்டும்' என்று வைத்துவிட்டு, எழுதுவதையெல்லாம் ராம் நினைவகத்தில் எழுத வைப்பது. பள்ளியில் பயன்படுத்திய சிலேட்டை நினைத்துக் கொள்ளுங்கள். கரும்பலகை அப்படியே இருக்கும். எழுத்து மட்டும் வரும், போகும். பெட்டியை அணைத்து எழுப்பினால் முதல் நாள் இருந்தது போலவே எழும். லினக்ஸில் ஓவர்லே என்ற முறையில் இதைச் செய்யலாம். போர்டியஸ் கியோஸ்க் என்ற சிறிய லினக்ஸ் இந்தக் கொள்கையிலேயே அமைக்கப்பட்டது.

இதில் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. கரண்ட்! எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்தான் டிஸ்கில் உள்ள பைல்கள் கெடும். எழுதவே செய்யாத டிஸ்குக்கு அந்தப் பயம் குறைவு. நம் ஊர்க் கரண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சரி, எப்போது மறப்பது? இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் அழித்துவிடலாம் என்கிறான் எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன். அவனுக்கு இரண்டு நிமிடம் அதிகம். என் அம்மாவுக்கு ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிக்கவே அவ்வளவு நேரம் ஆகும். பாதி நிரப்பிய விண்ணப்பம் பட்டென்று மறைந்து போனால் அவர் இனி அந்தப் பெட்டிப் பக்கமே வரமாட்டார். ஆகவே நேரம் தாராளமாக இருக்க வேண்டும். அழிப்பதற்கு முன் 'இன்னும் இருக்கிறீர்களா?' என்று தமிழில் கேட்க வேண்டும். திரையின் அடியில் எப்போதும் பெரிதாக ஒரு பொத்தான்: 'வேலை முடிந்தது. அழித்துவிடு.'

பூட்டும் சாவியும்

அடுத்தது பூட்டு. பெட்டி என்ன காட்ட வேண்டுமோ அதை மட்டும் காட்ட வேண்டும். பயர்பாக்ஸ், குரோமியம் இரண்டு பிரவுசரிலும் கியோஸ்க் முறை என்று ஒன்று உண்டு. முகவரிப் பட்டை, மெனு எதுவும் இல்லாமல் திரை முழுக்கப் பக்கம் மட்டும் தெரியும். பல பேர் இதோடு பூட்டு போட்டாயிற்று என்று நினைத்து விடுகிறார்கள்.

ஆனால் நம் பசங்களைப் பற்றித் தெரியாதா? கீபோர்டு இருந்தால் ஆல்ட்டையும் டேப்பையும் அழுத்துவார்கள். விண்டோஸில் ஷிப்ட் கீயை ஐந்து தடவை தட்டினால் ஒட்டும் விசை என்று ஒரு கட்டம் குதிக்கும். அதை அடைக்காமல் விட்டிருந்தால் அதன் வழியாக செட்டிங்ஸுக்குள் போய்விடலாம். 'சேமி' என்று ஒரு கட்டம் திறந்தால் அதிலிருந்து டிஸ்க் முழுவதையும் சுற்றிப் பார்க்கலாம். யுஎஸ்பி துளை வெளியே தெரிந்தால் ஒரு கீபோர்டையே கொண்டுவந்து செருகலாம். ஆகவே சாப்ட்வேர் பூட்டு பாதி. மீதிப் பாதி பெட்டியின் தகரமும் ஸ்க்ரூவும்தான். இதற்கு மெக்கானிக்கல் துறை நண்பர்கள் கை கொடுக்க வேண்டும்!

என்ன தளங்களைத் திறந்துவிடுவது என்பதும் பூட்டைச் சேர்ந்ததே. எல்லாத் தளத்தையும் திறந்துவிட்டால் நாள் முழுக்க கிரிக்கெட் ஸ்கோர்தான் ஓடும். மிகவும் இறுக்கினால் அரசுத் தளத்திலிருந்து பணம் கட்டும் பக்கத்துக்குத் தாவும்போது திரை வெறுமையாகி நின்றுவிடும். அனுமதிப் பட்டியலை வாரம் ஒருமுறை பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கம்பெனியில் இருக்க வேண்டுமா, நம் கல்லூரியில் இருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

அம்மாவுக்குப் புரியும் திரை

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்ற மீனவர் கிராமத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையின் உயரத்தைப் பற்றிய தகவலை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தேவைப்பட்டது கம்ப்யூட்டர் அல்ல. இன்றைக்கு அலை எவ்வளவு உயரம் என்ற ஒரே ஒரு சேதி. அதைப் புரியும் மொழியில் சொன்னார்கள்.

1999-ல் சுகதா மித்ரா என்பவர் டெல்லியில் கால்காஜி பகுதியில், சேரியை ஒட்டிய ஒரு சுவரில் ஓட்டை போட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். யாரும் சொல்லித் தராமலேயே குழந்தைகள் இயக்கக் கற்றுக் கொண்டார்கள். திரையில் ஓடும் அம்புக்குறிக்கு அவர்களாகவே வைத்த பெயர் 'ஊசி'. காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரத்துக்கு 'உடுக்கை'. அவரவர் வீட்டில் பார்த்த பொருளைக் கொண்டுதான் மனிதர்கள் புதிய பொருளைப் புரிந்து கொள்கிறார்கள். என் அம்மாவுக்கு 'சப்மிட்' என்றால் தெரியாது. 'அனுப்பு' என்றால் தெரியும்.

தமிழ் விசைப்பலகையும் அப்படித்தான். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் 'தமிழ் 99' என்ற அமைப்பு வந்தது. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் வலது கைப்பக்கம். டைப் அடிப்பவர்களுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் டைப்பே தெரியாதவருக்கு, பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையில் அ, ஆ, இ, ஈ என்று திரையில் காட்டினால்தான் கண் உடனே கண்டுபிடிக்கும். இரண்டையும் வைக்கலாம். ஆனால் வைத்துக் கொடுக்கும் சாப்ட்வேராக இருக்க வேண்டும், அல்லது நாமே மாற்றிக்கொள்ள விடும் சாப்ட்வேராக இருக்க வேண்டும். நான் இணையத்தில் பார்த்த சில விலை கொடுத்து வாங்கும் சாப்ட்வேர்களில், பொத்தான்களின் நிறத்தை மாற்ற விடுகிறார்கள். பொத்தானில் உள்ள சொல்லை மாற்ற விடுவதில்லை. லினக்ஸில் சொல் பிடிக்கவில்லை என்றால் அந்தச் சொல் உள்ள பைலைத் திறந்து திருத்திவிடலாம்.

யார் பழுது பார்ப்பது?

விண்டோஸ் கட்சி நண்பர்களுக்கு ஒரு பழைய சம்பவத்தை நினைவூட்டுகிறேன். மைக்ரோசாப்ட் நிறுவனமே 'ஸ்டெடிஸ்டேட்' என்று ஒரு சாப்ட்வேரை இலவசமாகத் தந்தது. பொதுக் கம்ப்யூட்டர்களுக்காகவே செய்தது. மறுபடி எழுப்பினால் டிஸ்க் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நூலகங்களும் பள்ளிக்கூடங்களும் அதை நம்பி இருந்தன. 2010-ன் கடைசியோடு அதைத் தருவதை நிறுத்தினார்கள். 2011-ல் ஆதரவும் நின்றது. கெட்டுப் போனதால் நிற்கவில்லை. கம்பெனி வேண்டாம் என்று நினைத்தது, அவ்வளவுதான்.

இப்போது நடந்ததைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்கிறார்கள். நம் லேபில் மூலையில் அடுக்கி வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் அது இல்லை. ஆனால் அவற்றில் லினக்ஸ் ஓடுகிறது. நானே ஓட்டிப் பார்த்தேன். பெட்டி கெட்டால் மாற்றாக வைக்க நமக்கு அரை டஜன் கம்ப்யூட்டர் தயாராக இருக்கிறது என்று அர்த்தம்!

சாவி வெளியாள் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19-ல் உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. விமான நிலையத் தகவல் திரைகள் நீல நிறமாகின. நம் நாட்டில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். தப்பு விண்டோஸுடையது அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டியின் முன்னால் நின்றவர்கள் கையில் எதுவுமே இல்லை என்பதுதான் பாடம்.

நம் தமிழ்நாட்டுப் பாடமும் ஒன்று உண்டு. 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற திட்டத்தில் கிராமம் கிராமமாக இன்டர்நெட் மையங்கள் வைத்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் அது. சான்றிதழுக்கு அங்கிருந்தே விண்ணப்பித்தார்கள்; கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் சில வருடங்களில் பல மையங்கள் மூடப்பட்டன. வருமானம் போதாதது முக்கியக் காரணம். கெட்டால் சரிசெய்ய ஆளும் உதவியும் இல்லாதது இன்னொரு காரணம். திறப்பு விழாவுக்கு எல்லோரும் வருகிறார்கள். பழுது பார்க்க யார் வருகிறார்கள்?

நாம் வரலாம். நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது நமக்குக் கௌரவக் குறைச்சல் அல்ல. உள்ளே திறந்து பார்க்க விடும் சாப்ட்வேர் என்றால் அது நமக்குப் பெட்டி மட்டுமல்ல, ஒரு பாடப் புத்தகமும் கூட.

எதிர்க்கட்சிக்கும் நியாயம்

ஒருதலையாகப் பேசினால் கட்டுரை ஆகாது. மேடைப் பேச்சு ஆகிவிடும். ஆகவே மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸும் மறக்கும். அதன் எட்ஜ் பிரவுசரில் பொது இடத்துக்கென்றே ஒரு கியோஸ்க் முறை உண்டு. சும்மா விட்டால் தானாக அழித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். ஆதாருக்கு விரல்ரேகை வைக்கும் கருவிகள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியே வருகின்றன. நாளைக்கு நம் பெட்டியில் விரல்ரேகை வேண்டும் என்றால் லினக்ஸ் திணறும். (பீடி சுற்றித் தேய்ந்த என் அம்மாவின் விரலை அந்தக் கருவி பல தடவை ஏற்பதில்லை என்பது வேறு கதை!) இப்போதைக்கு நம் பெட்டிக்கு அது தேவையில்லை.

சந்தா கட்டும் சாப்ட்வேரிலும் நன்மை உண்டு. கெட்டால் போன் அடிக்க ஒரு நம்பர் இருக்கும். இலவசத்திலும் செலவு உண்டு. போர்டியஸில் தானாக அப்டேட் ஆக வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். வேண்டாமென்றால் புதிய பதிப்பை நாமே போட வேண்டும். டெபியன் லினக்ஸில் நாமே கட்டிக்கொண்டால் எல்லாமே நம் தலையில். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மே மாதம் போய்விடுவோம். அடுத்து யார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் என் கட்சி தோற்க வேண்டியதுதான்.

'பதிவு வைக்கச் சொல்லிச் சட்டமே இருக்கிறதே, நீ அழிக்கச் சொல்கிறாயே' என்று ஒரு நண்பர் மடக்கினார். 2011-ல் வந்த சைபர் கபே விதிகள், வியாபாரமாக நடத்தும் மையங்கள் வருபவரின் அடையாளத்தையும், பார்த்த தளங்களின் பதிவையும் ஓராண்டு பாதுகாப்பாக வைக்கச் சொல்கின்றன. 'பாதுகாப்பாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். அடுத்த வாடிக்கையாளர் கைபடும் போல்டரில் போட்டு வைக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நம் பெட்டிக்கு வருகைப் பதிவேடு தேவை என்றால் முதல்வர் சொல்லட்டும், வாட்ச்மேன் அண்ணாச்சி மேஜையில் ஒரு நோட்டு வைத்துவிடலாம். விண்ணப்பத்துக்குள் இருக்கும் விவரம் மட்டும் பெட்டியில் தங்கக் கூடாது.

என் யோசனை

பொதுக்குழுவில் கை தூக்கி முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வாரம் சோதனை வைப்போம். மூன்று கம்ப்யூட்டரில் மூன்று கட்சியின் சாப்ட்வேரையும் போட்டுக் காண்டீன் வராந்தாவில் வைப்போம். சந்தா சாப்ட்வேருக்குச் சோதனைப் பதிப்பு கேட்டு வாங்கிக் கொள்ளலாம். கேள்விகள் இவை:

1. ஒருவர் விண்ணப்பத்தைப் பாதியில் விட்டு எழுந்து போனால், அடுத்து வருபவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது? பிரிண்டர் வரிசையையும் பாருங்கள்.

2. இருபது தடவை பிளக்கைப் பிடுங்கிப் போட்டால், இருபது தடவையும் யார் கையும் படாமல் தானாக எழுந்து நிற்கிறதா?

3. முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளிடம் விட்டுவிடுங்கள். பூட்டை உடைப்பவருக்குக் காண்டீனில் டீயும் வடையும் பரிசு.

4. காண்டீன் ஆச்சியைக் கூப்பிட்டு உதவித்தொகை அறிவிப்பைக் கண்டுபிடித்து அச்செடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று யாரும் வாய் திறக்கக் கூடாது. அவரால் முடியாவிட்டால் தோற்றது ஆச்சி அல்ல, சாப்ட்வேர்.

5. டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புது டிஸ்கைக் கொடுங்கள். அமைத்தவர் அல்லாத ஓர் இரண்டாம் ஆண்டு மாணவர், குறிப்பு நோட்டை மட்டும் பார்த்து எவ்வளவு நேரத்தில் திரும்ப ஓட வைக்கிறார்?

6. ஐந்து வருடத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு? ஐந்து வருடமும் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று யார் உறுதி தருகிறார்கள்?

இந்த ஆறிலும் சந்தா சாப்ட்வேர் ஜெயித்தால் நானே அதற்குக் கை தூக்குகிறேன். பிடிவாதம் எனக்கு இல்லை. லினக்ஸ் ஜெயித்தால் ஒரு நிபந்தனை: பராமரிப்பு நோட்டு ஒன்று தமிழில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு வருடமும் இரண்டாம் ஆண்டு மாணவர் நான்கு பேர் அதை வைத்துப் பழக வேண்டும். இந்த வருடத்து நோட்டை எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் கப்ஸின் அந்த ஒரு வரி இருக்கும்!

நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் நாம்தான் முதலில் படிக்க வந்தவர்கள். நமக்குக் கம்ப்யூட்டர் பழகிவிட்டது. பழகியவர்களுக்குப் பழகாதவர்களின் பயம் சீக்கிரம் மறந்து போகும். மனிதன் மறக்கக் கூடாதது அதுதான். மறக்க வேண்டியதையெல்லாம் பெட்டி மறக்கட்டும்.

அடுத்த ஜூன் மாதம் யாரோ ஓர் அம்மா, பிள்ளையைச் சேர்க்க நம் வாசலுக்கு வருவார். பெட்டியின் முன்னால் தயங்கி நிற்பார். அவர் நம்பர் அவருக்கே இருக்க வேண்டும். அடுத்தவர் நம்பர் அவர் கட்டத்தில் விழக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது.

சோதிப்போம். பிறகு கை தூக்குவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவி,
கணிப்பொறிப் பொறியியல் துறை